மோப்பம் கெட்ட மாப்பிள்ளைகள்

கெளுத்திக்கு மூக்கு உண்டு என்பது எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த மீனைத்தான் ஆய்ந்துகொண்டிருக்கிறேன். அதன் முள் குத்தி என் விரல் வீங்காத மாதம் கிடையாது. முள்ளைத் தெரியும், மீசையைத் தெரியும், மழைக்காலத்தில் அதன் வயிற்றுக்குள் எவ்வளவு சினை இருக்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வேன். மூக்கை மட்டும் கவனித்ததில்லை. டாக்டரம்மாதான் எங்கள் ஏலக்கொட்டகையில் ஒரு கெளுத்தியைப் பிடித்துத் தலைகீழாக்காமல், முள்ளில் குத்து வாங்காமல், மீசைக்குப் பக்கத்தில் இருந்த குட்டி ஓட்டைகளைக் காட்டினார்.

"இத்தாலதான் மூச்சு வுடுதா?" என்று கேட்டேன்.

"மூச்சுக்குச் செவுள் இருக்கேக்கா. இது மோப்பத்துக்கு மட்டும்."

"தண்ணிக்குள்ள இன்னா மோப்பம்?"

"பொண்டாட்டி எங்க இருக்கான்னுதான்."

ஏலக்கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார். மெஹர்பானு என்று பெயர், மீன் ஆராய்ச்சி படித்தவர். மனுஷருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று அவர் எத்தனை முறை சொல்லியும், ஊரில் பாதிப் பேர் அவரிடம் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டார்கள்.

அவர் சொன்னது இதுதான். எங்கள் உப்பங்கழியின் தண்ணீர் எப்போதும் கலங்கல். கண்ணை நம்பி அதில் ஒரு ஜோடியும் சேர முடியாது. பெட்டைக்குச் சினை முற்றியதும் அது தண்ணீரில் ஒரு சொட்டு வாசனையை விடும். நம் மூக்குக்கு அது எட்டாது. ஆண் கெளுத்திக்கு எட்டும். எங்கிருந்தாலும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடும்.

"அதுங்களுக்கு அதான் கடுதாசி, அதான் போன்" என்றார் டாக்டரம்மா. "அந்த வாசனையைத்தான் நான் புட்டியில செஞ்சு கொண்டு வந்திருக்கேன்."

வலையின் வாயில் ஒரு திரியைக் கட்டி, அதில் சில சொட்டு விட்டால் போதும். ஆண் மீன் மட்டும் வரும். பெட்டைகளைத் தொடவே வேண்டாம், முட்டை குறையாது, மீனும் குறையாது. காலையில் திரி கட்டினார்கள். மத்தியானத்துக்குள் வலையைத் தூக்க ஆள் பற்றவில்லை. பெண்டாட்டி மல்லிப்பூ வைத்துக்கொண்டு நின்றால் புருஷன் நேரத்தோடு வீட்டுக்கு வருகிற மாதிரிதானே என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து அந்தப் புட்டிக்கு ஊரில் பெயர் மல்லி.

இங்கே எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மணல்வாய்க்குப்பத்தில் எவனும் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. கழியில் மீன் கொட்டுகிற இடமும் உண்டு, நண்டு கூட எட்டிப் பார்க்காத இடமும் உண்டு. அதனால் கோயிலில் சீட்டுக் குலுக்கி, எந்த வீட்டுக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் என்றால் நாளைக்கு எனக்கு. கடல் ஏறி வந்து பழைய சாலையை விழுங்கியது, படகுக்கெல்லாம் பேட்டரி வந்தது, ஆனால் பாடு மட்டும் மாறவில்லை. எங்கள் ஊரில் அடிதடி குறைவு என்றால் அதற்கு அதுதான் காரணம்.

டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மல்லியை மாதத்தில் ஒரு வாரம்தான் போட வேண்டும், மற்ற நாளெல்லாம் மீனை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் என் வீட்டுக்காரர் கன்னியப்பன்தான் முதலில் எழுந்தார். "அந்த ஒரு வாரத்துல எவன் பாடு வுழுதோ அவனுக்கு மட்டும் யோகமா? மத்தவன்லாம் வாய்ல விரல வச்சிகினு பாக்கறதா? ஒரு கண்ணுல வெண்ணெ, ஒரு கண்ணுல சுண்ணாம்பா?"

நியாயம்தானே என்று எல்லாருக்கும் தோன்றியது. எனக்கும்தான். அதனால் ஒவ்வொருவர் பாட்டுக்கும் மல்லி உண்டு என்று முடிவானது. பேராசைக்காரன் கையில் கிடைத்திருந்தால்கூட நடுவில் ஒரு நாள் அசந்து தூங்கியிருப்பான். எங்கள் ஊரில் அது நடக்காது. இன்றைக்கு இவன் முறை, நாளைக்கு அவன் முறை, யாருக்கும் குறை வைக்கக் கூடாது. கழிக்கு ஒரு நாள்கூட ஓய்வு இல்லை.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். மல்லி ஒரு சொட்டுகூட நொச்சிமேட்டுக்குப் போகக் கூடாது.

நொச்சிமேடு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே கழி. ஒரு பெரும்புயலில் மணல் ஏறி நடுவில் மேடாகிவிட, அவர்கள் பக்கம் சின்னக் கழியாகத் தனியே நின்றுவிட்டது. மல்லி வருவதற்கு முந்தைய வருஷம், முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடல்தண்ணீரை உள்ளே விடுவதில் சண்டை. யார் முதலில் வெட்டினார்கள் என்று கேட்டால் இரண்டு ஊரும் எதிர் ஊரைக் கை காட்டும். துடுப்பால் அடித்துக்கொண்டார்கள், படகை உடைத்தார்கள், கடைசியில் கோயிலில் கற்பூரம் ஏற்றி, இனிக் கொடுக்கல் வாங்கல் இல்லை, தண்ணீர் கேட்டாலும் இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

நான் நொச்சிமேட்டில் பிறந்தவள். அந்த ஊர்த் தலைவர் பாளையம் என் கூடப்பிறந்த அண்ணன்.

ஆண்கள் கற்பூரத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத்தான் தாய்வீடு இல்லாமல் போனது. மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பங்காக வந்த மல்லியில் ஒரு புட்டியை எடுத்து, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, ஐஸ் வண்டி துலுக்காணத்திடம் கொடுத்து அனுப்பினேன். "எங்க அண்ணன் கைல குடு. தேசம்மா குடுத்தான்னு சொல்லு." ஒரு பதில் இல்லை. கிடைத்தது என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை. என் மகள் செவ்வந்தி பெரியவளானபோதும் வரவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் நடந்த மஞ்சள் நீராட்டு, எங்கள் ஊரில் அவளுடையதுதான். பந்தலில் பெண்கள் குசுகுசுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணனா அவர் என்று அன்றைக்கு இரவு முழுக்க அழுதேன்.

மல்லி வந்த முதல் சில வருஷங்கள் ஊரே சிரித்த முகமாக இருந்தது. கூரையெல்லாம் மாடியானது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வலை இளைத்தது. திரியில் பத்துச் சொட்டு விட்டால் வந்த மீன், அரைப் புட்டியைக் கவிழ்த்தாலும் வரவில்லை. மருந்தில் கலப்படம் என்று டாக்டரம்மாவைத் திட்டினார்கள். நான் ஆய்கிற பெட்டைகளின் வயிற்றில் வேறொன்றைப் பார்த்தேன். சினை முற்றிப்போய், விட இடமில்லாமல் உள்ளேயே கட்டியாகிக் கெட்டுக் கிடந்தது. ஒன்றிரண்டு இல்லை, கூடைக்குப் பாதி.

டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினோம். இந்த முறை அவர் ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்தார். கவட்டைக் குச்சி மாதிரி இரண்டாகப் பிரிகிற தொட்டி. ஒரு கிளையில் வெறும் கழித்தண்ணீர் சொட்டும். இன்னொரு கிளையில் சினைப் பெட்டை நீந்திய தண்ணீர் சொட்டும். அடியில் ஆண் கெளுத்தியை விட வேண்டும். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

"மூக்கு இருக்கிறவன் கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு பக்கம் போவான்" என்றார்.

ஊரே சுற்றி நின்றது. பெண் பார்க்கும் படலத்துக்கு வந்த மாதிரி இருந்தது. முதல் மீன் கொஞ்சம் சுற்றியது, மீசையை ஆட்டியது, வெறும் தண்ணீர்ப் பக்கம் போய் மூலையில் படுத்துக்கொண்டது.

"பொண்ணு வூடு இந்தப் பக்கம்டா, நீ டீக்கடைக்குப் போறியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. ஏழாவது எட்டாவது ஆனபோது யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மல்லி கெட்டுப் போகல. உங்க ஆண் மீனோட மூக்குதான் போயிடுச்சு" என்றார் டாக்டரம்மா.

"எப்பிடிம்மா போவும்? ஜலதோசமா?"

"இல்லண்ணே. யோசிச்சுப் பாருங்க. மல்லி வாசனை புடிச்சு வந்தது யாரு? மூக்கு நல்லா இருந்தவன். அவன்லாம் எங்க போனான்?"

"வலைக்கு."

"அப்ப மிச்சம் இருந்தது யாரு? பொறப்புலேயே மூக்கு மந்தமா இருந்தவன். அவன் வலைக்கும் வரல, பொண்டாட்டிகிட்டயும் ஒழுங்காப் போகல. தப்பித் தவறி எதுலயாவது மோதி அப்பன் ஆனான். அவன் புள்ளைக்கும் அதே மூக்கு. கெளுத்தி ஒரு வருஷத்துல வயசுக்கு வந்துடும். இத்தனை வருஷமா நீங்க ஒரு நாள் விடாம மூக்குள்ளவனாப் பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கீங்க."

அவரே தொடர்ந்தார். "உங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நானும் எத்தனை மீன் குறையும்னுதான் பாத்தேன். எவன் மாட்டுவான், எவன் தப்புவான்னு பாக்கல. படிச்சு என்ன, எனக்கு அது தோணவே இல்ல."

எனக்கு அந்தப் பெட்டைகள்தான் மனசில் நின்றன. "அப்போ அதுங்க?"

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்குதுக்கா. கேக்கத்தான் ஆள் இல்ல."

கூப்பிட்டுப் பதில் வராமல் கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். மூக்கைப் பற்றிப் பேசிப் பேசி இவளுக்குச் சளி பிடித்துவிட்டது என்று பக்கத்தில் யாரோ கிண்டல் செய்தார்கள்.

இதற்கு மருந்து உண்டா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மருந்து இல்லண்ணே. மூக்குள்ள மாப்பிள்ளை வேணும். கொஞ்சம் பேர் வந்தாக்கூடப் போதும், பொண்ணுங்க கூப்பிடறது அவங்களுக்குத்தான் கேக்கும், அவங்க வம்சம்தான் பெருகும். ஆனா கண்ட இடத்து மீனைக் கொண்டு வந்து வுடக் கூடாது. உப்பு மாறினா தாங்காது, புது நோயும் வந்துடும். அதே உப்பு, அதே இனம், மல்லி படாத தண்ணி." கொஞ்சம் தயங்கினார். "அப்படி ஒரு இடம்தான் இருக்கு."

யாரும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் மணல்மேட்டைப் பார்த்தார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். நாங்கள் நியாயமாகப் பகிர்ந்துகொண்டதெல்லாம் கெட்டுப் போனது. வஞ்சம் வைத்துக் கொடுக்க மறுத்தோமே, அந்த ஊர் மீன் மட்டும் முழு மூக்கோடு இருக்கிறது.

இருக்கிறதா? எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிவப்பு நூல் கட்டிய புட்டி.

கூட்டம் கலைந்ததும் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "அந்தப் பக்கம் ஒரே ஒரு புட்டி போயிருந்தா?"

அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. "அது சின்னக் கழிக்கா. தினமும் கொஞ்சம் கொஞ்சமா வுட்டிருந்தா, ஒரு புட்டியே ரொம்ப வருஷம் வரும். கெடுக்க அதுவே போதும்கா."

பாசத்தோடு அனுப்பியது. அதுவே என் பிறந்த ஊர்த் தண்ணீரையும் கெடுத்திருந்தால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? இரண்டு கழியும் காலியானால் இரண்டு ஊரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பட்டணத்துக் குடிசைக்குப் போக வேண்டியதுதான்.

விஷயத்தைச் சொல்லி ஆண் கெளுத்தி கேட்டு, மீன் வாங்க வருகிற வியாபாரியைத் தூது அனுப்பினார்கள். அண்ணனிடமிருந்து பதில் வந்தது. "மணல்வாய்க்கு எங்க கழியிலேர்ந்து ஒரு செதிலு கூடக் கிடையாது."

ஊர் கொதித்தது. நான் மட்டும் யோசித்தேன். கெளுத்திக்கு ஏது செதில்? வழவழவென்று மொட்டைத் தோல். இது தெரியாதவரா என் அண்ணன்? கோபத்தில்கூட அளந்து பேசுகிறவர். ஊருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டு எங்கேயோ ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார். அப்படித்தான் என் மனசு சொன்னது.

"நான் போறேன்" என்றேன் வீட்டில்.

"போய்? அவன் வாசல்ல நின்னு பிச்ச எடுக்கப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினார்.

"பிச்ச எதுக்கு? எம்மவளுக்குத் தாய்மாமன் சீரு இன்னும் வரல. அத்த கேக்கப் போறேன். ஊருக்குத்தானே குடுக்கல் வாங்கல் இல்ல? அக்கா தங்கச்சிக்குச் சீரு இல்லன்னு எவன் கற்பூரம் கொளுத்தினான்?"

அவர் தள்ளிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். செவ்வந்திதான் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் காலேஜ் சேரப் போகிறவள். "யம்மா, நான் வயசுக்கு வந்து நாலு வருசம் ஆச்சு. இப்ப போய்ச் சீரு கேட்டா மானம் போவும்."

"உன் மானம் எங்கயும் போவாது, ஜாக்கெட்டை மாத்திகினு கெளம்பு."

தாம்பூலத் தட்டோடு மணல்மேட்டை ஏறி இறங்கினோம். அண்ணன் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். மீசை நரைத்திருந்தது. நிமிர்ந்து செவ்வந்தியைப் பார்த்தார். கடைசியாக அவர் பார்த்தபோது அவள் மூக்கொழுகித் திரிந்த பிள்ளை. ஊசி கையிலேயே நின்றது. பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

"அவங்களுக்குத் தண்ணி குடு" என்றார் அண்ணியிடம்.

தண்ணீர் கேட்டாலும் இல்லை என்று சத்தியம் செய்த மனுஷன். நான் சொம்பை வாங்கி முழுசும் குடித்தேன். அப்புறம் தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"எம்மவளுக்குத் தாய்மாமன் சீரு வரல. கேட்டு வந்துகிறேன்."

"இன்னா வேணும்? பொடவையா, கொலுசா?"

"ஆண் கெளுத்தி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்து புடவையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. "சீருல போய் எவனாவது கெளுத்திய வப்பானா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சீரே வராதப்ப இந்த ஊரு சிரிக்கல, அந்த ஊரு சிரிச்சிது. இப்ப ரெண்டும் சேந்து சிரிக்கட்டும்." என் குரல் உடைந்தது. உடையக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். "அன்னிக்கு நீ வருவேன்னு பந்தல் வாசலையே பாத்துகினு நின்னேன்ணா."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இன்னொன்னு கேக்கணும். நான் ஒரு புட்டி அனுப்ச்சேனே..."

"இன்னா புட்டி? எனக்கு ஒண்ணும் தெரியாது." வெடுக்கென்று எழுந்துகொண்டார். "மொதல்ல அந்த டாக்டரம்மாவ வரச் சொல்லு. என் கழி மீனுக்கு மூக்கு கீதா இல்லையான்னு பாக்கட்டும். அப்புறம் சீரு."

அந்த ஐஸ் வண்டிக்காரனை நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை. படுபாவி, புட்டியை வழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டான். வாங்கினவன் கையில் அது என்ன ஆனதோ, எந்தத் தண்ணீரில் கவிழ்ந்ததோ. டாக்டரம்மா கவட்டைத் தொட்டியோடு நொச்சிமேட்டுக் கரையில் வந்து இறங்கிய நாளில் நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். எங்கள் கழியின் சினைப் பெட்டை நீந்திய தண்ணீரை ஒரு பக்கம் சொட்ட விட்டார். அண்ணனே தன் கையால் ஒரு ஆண் மீனைத் தொட்டியில் விட்டார்.

அது ஒரு வினாடி நின்றது. மீசை விறைத்தது. அவ்வளவுதான், பந்திக்கு முந்துகிறவன் மாதிரி நேராகப் பாய்ந்து வாசனைக் கிளையின் கண்ணாடியில் முட்டியது. முட்டி, திரும்பி, மறுபடியும் முட்டியது.

"அடேயப்பா! மாப்பிள்ளைக்கு என்னா அவசரம்!" என்று நொச்சிமேட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அடுத்ததும் பாய்ந்தது, அதற்கு அடுத்ததும். டாக்டரம்மா தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க ஊர்ல ஒரு சொட்டு மல்லி இருக்கக் கூடாது. எங்க ஊரு புள்ளைங்கள உங்க வலைக்கு அனுப்பறதுக்கு நான் ஒண்ணும் தரகன் இல்ல."

எங்கள் ஊரில் அதற்கும் கூட்டம் போட்டார்கள். புட்டிகளைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானதும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "நாளைக்கு என் பாடு. எனக்கு மட்டும் மல்லி இல்லையா? இது இன்னா நாயம்?" ஊரே திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர்தான் வீடு வீடாகப் போய்ப் புட்டிகளை வாங்கி டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தார். ஒரு சொட்டு பாக்கியில்லை என்று கோயிலில் சொல்லிவிட்டு வந்தார்.

சீர் வந்த காலையில் மணல்மேட்டின் மேல் மேளச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னால் அண்ணன், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்னால் அண்ணியும் நொச்சிமேட்டுப் பெண்களும் தட்டு தட்டாக வாழைப்பழம், மஞ்சள், வளையல், பட்டுப் பாவாடை. நாலு வருஷம் முன்னாடி வாங்கியதாம். செவ்வந்திக்கு இப்போது முழங்காலுக்குத்தான் வரும். அவர்களுக்குப் பின்னால் நீல டிரம்களைக் காவடி மாதிரி மூங்கிலில் தொங்கவிட்டு ஆண்கள் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு டிரம்மிலும் காற்றுக்குழாய் குமிழி விட்டது. டிரம்மின் கழுத்துக்கு மாலை வேறு போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் ஆண்கள் முதலில் இறுக்கமாகத்தான் நின்றார்கள். ஒரு டிரம் மணலில் சாய்ந்தபோது என் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். "பாத்து மச்சான்" என்றார் அண்ணன். அவர்கள் இரண்டு பேரும் துடுப்பால் அடித்துக்கொண்டவர்கள்.

செவ்வந்தி கையால்தான் மீனை விட வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, முள் குத்தாமல் ஒவ்வொன்றாக விட்டாள். கலங்கலில் விட்ட மறுநொடி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவ்வளவு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அடியில் எங்கோ ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, இப்போது அதைக் கேட்க ஆள் வந்தாயிற்று என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

எல்லாம் முடிந்து தட்டுகளை எண்ணி இறக்கும்போது அண்ணன் கடைசித் தட்டு ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். மேலே துண்டு போட்டு மூடியிருந்தது.

"இதுவும் உன்னுதுதான். புடி."

துண்டை விலக்கினேன். புட்டி. தூசு படிந்து, கழுத்தில் சிவப்பு நூல் வெளுத்துப்போய், நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மூடி திறக்கவே இல்லை.

"துலுக்காணம் குடுத்தானா?"

"அன்னிக்கே குடுத்தான்."

"அப்ப ஏண்ணா தெரியாதுன்னு சொன்ன? ஏன் இத்த தொறக்கல?"

அவர் கழியைப் பார்த்தார். "உங்க ஊரு சரக்கு. தொறக்க மனசு வரல." வெளுத்த நூலைத் தொட்டுப் பார்த்து, "நீ அனுப்ச்சது. தூக்கிப் போடவும் மனசு வரல" என்றார்.

நான் அழுதேன். இரண்டு ஊரும் பார்க்க, வெட்கம் கெட்டு, வாய்விட்டு அழுதேன். என் பாசத்தை மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கழியும் போயிருக்கும். என் அண்ணனின் வீம்புதான் அதைக் காப்பாற்றியது. அந்த வீம்புக்குப் பின்னாலும் என் புட்டி பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. அத்தனை வருஷம் வரவில்லை என்று நான் நினைத்த பதில், அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா மெதுவாகக் கையை நீட்டினார். ஒரு சொட்டு பாக்கி இருக்கக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம். நூலை மட்டும் அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, புட்டியை அவரிடம் கொடுத்தேன்.

"சரி, பசிக்குது" என்றார் அண்ணன், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு. "இன்னா கொழம்பு வச்சிகிற?"

"கத்திரிக்கா."

"தங்கச்சி வூட்டுக்கு எத்தினி வருசம் கழிச்சு வந்துகிறேன், கத்திரிக்காவா?"

"மாப்பிள்ளைங்க வந்து எறங்கின அன்னிக்குக் கெளுத்திக் கொழம்பா வப்பாங்க? பேசாம வந்து ஒக்காருண்ணா" என்றேன்.